வென்றவரைச் சொல்லாமல் முடிந்த ஒரு வர்ணனை

கார்ப் பந்தயங்களைத் தமிழில் வர்ணிக்கும் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அந்தப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம் சில ஐயங்களைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, புள்ளிவிவரங்களை எவ்வளவு சொல்வது என்பவற்றுக்கெல்லாம் உங்கள் தயாரிப்பாளரே என்னைவிடத் தெளிவாக விடை தருவார். உங்களில் ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கேட்டிருந்தார். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்கள் இன்றும் பார்ப்பவரைக் கட்டிப்போடுகின்றனவா? கட்டிப்போடாத நாளில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவன் என்ன செய்ய வேண்டும்?

அந்தக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அதைப் பற்றி என்னோடு பல ஆண்டுகள் வாதாடிய ஒருவர் இருந்தார். அவர் இந்த மழைக்காலத்தில் காலமானார். ஆகவே, கேட்டது பந்தயத்தைப் பற்றி என்றாலும் எழுத நேர்வது அவரைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞானமணி குமுளிக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் மலைச்சாலைப் பந்தயங்களில் ஓட்டினார். பிறகு ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தினார். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்தவன். கல்லூரியில் இயந்திரப் பொறியியல் கற்பித்தேன். எங்கள் ஒலிப்பதிவுக் கூடம், வாளையார் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. பந்தயம் ஏதோவொரு கண்டத்தில் நடக்கும். நாங்கள் இங்கே திரையைப் பார்த்துப் பேசுவோம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியும், சிமென்ட் லாரிகளின் ஹாரன் சில வேளைகளில் உள்ளே வந்துவிடும். கேட்பவர்கள் அதையும் பந்தயச் சத்தமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

பந்தயம் உள்ள வாரங்களில் அவர் சனிக்கிழமை காலையில் குமுளியில் பேருந்து ஏறி, கம்பத்துக்கு இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி மாலையில் என் வீடு வந்து சேர்வார். ஞாயிறு பேசிவிட்டு மறுநாள் திரும்பிவிடுவார். ஓட்டத்தைச் சொல்வது அவர் வேலை. ஓட்டத்தின் காரணத்தைச் சொல்வது என் வேலை. இருவராலும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. காதில் ஹெட்போன் இருக்கும். ஆகவே எங்களுக்குள் ஒரு கை மொழி இருந்தது. ஒருவர் மற்றவரின் முன்கையில் ஒரு தட்டுத் தட்டினால், தட்டியவர் பேசப்போகிறார் என்று பொருள். கையை வைத்து அழுத்தினால், உடனே நிறுத்து என்று பொருள். இன்னொரு வழக்கமும் இருந்தது: கடைசிச் சுற்று முழுவதும் ஞானமணிக்கு உரியது. அதில் நான் வாய் திறப்பதில்லை. இதை யாரும் விதியாக எழுதவில்லை. முதல் பந்தயத்திலேயே அப்படி அமைந்துவிட்டது.

அழுத்துவதற்கான அவசியம் எனக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. ஒரு பந்தயத்தின் நடுவே இரண்டு கார்கள் மோதின. ஞானமணி அதை வெகு நேர்த்தியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து அதே மோதலை வேறொரு கோணத்திலிருந்து மறுபடியும் காட்டினார்கள். மறுகாட்சி என்று திரையின் மூலையில் எழும் அடையாளம் அன்று ஏனோ வரவில்லை. ஞானமணி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். “மறுபடியும் ஒரு மோதல், அதே வளைவில், அதே மாதிரி” என்று உச்சக் குரலில் சொல்லத் தொடங்கினார். மோதிய கார்களும் அதே கார்கள் என்பதை அவர் சொல்லும் முன் நான் கையை அழுத்தினேன். பாதிச் சொல்லில் நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெகு அமைதியாக, “நேயர்களே, இது பழைய விபத்து. இன்னைக்கு ரெண்டாவதா நடந்த விபத்து நான்தான்” என்றார்.

தயாரிப்பாளர் நந்தினி கண்ணாடிக்கு அப்பால் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். நேரலையில் நடந்த தவற்றை நேரலையிலேயே, ஒரே வாக்கியத்தில் திருத்திவிட வேண்டும் என்பது இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடிய பாடம். நான் எடுத்துக்கொண்டது வேறு. என் கை விழுந்தால் அவர் காரணம் கேட்காமல் நிறுத்துவார். அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒருவர் நம் உள்ளங்கையில் வைத்திருப்பது எளிய சுமை இல்லை.

இப்போது அந்த வாதத்துக்கு வருகிறேன். கூடத்துக்குக் கீழே ஒரு தேநீர்க் கடை இருந்தது. ஒளிபரப்புக்கு முன் அங்கே நிற்போம்.

“என்னவே புரொபசரே, இன்னைக்கும் ஊர்வலந்தானா?” என்று தொடங்குவார்.

“முன்னால போற கார் காத்தைக் கலக்கி விட்டுருதுங்க. பின்னால வர்றவனுக்குப் பிடிமானம் குறையுது. பக்கத்துல போகப் போக டயர் சூடேறுது. அதனாலதான் முந்த முடியறதில்ல.”

“காரணம் சொல்லிட்டா சலிப்பு போயிருமாவே? பல்லு வலிக்கு டாக்டரு ஒரு பேரு வச்சா வலி நின்னுருமா?”

“அப்புறம் எதுக்குங்க அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வர்றீங்க?”

“கிரேஸைக் கட்டி இத்தன வருசமாச்சு. தினமும் அவளப் பாத்து மலைச்சுப் போயா நிக்கேன்? அதுக்காக வீட்டுக்குப் போகாம இருக்கேனா?”

இதையே அவர் ஒரு முறை நேரலையிலும் சொல்லிவிட்டார். மறுநாள் வீடு திரும்பியபோது அவருடைய மனைவி கிரேஸ் கதவருகே நின்று, “பாதி இடுக்கிக்கும் கேட்டுச்சு. இனிமே சோத்தையும் அந்த மைக்குகிட்டயே கேட்டுக்கிடுங்க” என்றாராம். அதை அவரே என்னிடம் பெருமையோடு சொன்னார்.

அவருடைய குறை முந்துதல் குறைந்துவிட்டது என்பது மட்டும் இல்லை. ஓட்டுபவன் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை என்பதே அவருக்குத் தாங்கவில்லை. டயரைக் காப்பாற்று, எரிபொருளைக் காப்பாற்று, இந்த இடைவெளியில் நில் என்று குழுவினர் ஓட்டுநரின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பதை நாமும் கேட்கிறோம். “ஓட்டுறவனப் பாத்து மெல்லப் போன்னு சொல்லுதானுவ. நான் அதப் பாத்துட்டுக் கத்தணுமாக்கும்” என்பார். நான் மறுப்பேன். கார்களுக்கு இடையேயான வேறுபாடு முன்பைவிடக் குறைந்திருக்கிறது, திறமை கூடியிருக்கிறது, ஆனால் அந்தத் திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை, தெரியாததைத் தெரியவைப்பதே நம் வேலை என்பேன். எனக்கும் ஒரு குறை உண்டு. அடுத்து என்ன ஆகும் என்பதன் வாய்ப்பைக்கூடத் திரையிலேயே எண்ணாகக் காட்டிவிடுகிறார்கள். என்ன ஆகுமோ என்று காத்திருப்பதற்குத்தானே நாம் பார்க்க உட்கார்ந்தோம்.

அவருடைய பட்டறையில், டயர் அடுக்குக்கு மேலே ஒரு தொலைக்காட்சி உண்டு. அவர் இங்கே பேசும்போது, ஒரு காலத்தில் ஜீப் ஓட்டுநர்கள் அங்கே கூடி நின்று பார்ப்பார்களாம். நாளடைவில் கூட்டம் குறைந்தது. ஒருவரிடம் இவர் காரணம் கேட்டிருக்கிறார். “மறுநாள் போன்ல சுருக்கமாப் போடுதானுவண்ணே. அதுலயே எல்லாம் வந்துருது” என்று பதில் வந்திருக்கிறது.

“அவனுக்கு யாரு ஜெயிச்சான்னு தெரியும். யாரு தோத்தான்னு தெரியாதே” என்றார் ஞானமணி என்னிடம். வாதத்தில் அது யாருடைய பக்கத்துக்குச் சாதகமான வாக்கியம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மௌனத்தைப் பற்றியும் அவரிடமே கற்றேன். ஒரு பந்தயத்தில் ஒரு கார் மிகுந்த வேகத்தில் தடுப்பில் மோதி நின்றது. மறுகாட்சி வரவில்லை. மறுகாட்சி வராவிட்டால், காட்டக் கூடாத ஏதோ நடந்திருக்கலாம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வானத்தையும் பார்வையாளர் மேடையையும் மாறி மாறிக் காட்டினார்கள். ஏதாவது பேசுங்கள் என்று என் காதில் குரல் வந்தது. நான் அந்தத் தடுப்பின் அமைப்பைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். ஞானமணி என் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “அந்தப் பையன் இறங்கி நிக்கிற வரைக்கும் நாங்க பேசப் போறதில்ல” என்று நேயர்களிடம் சொன்னார். பிறகு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஓட்டுநர், உதவிக்கு ஓடி வந்த இருவரின் தோளைப் பிடித்து எழுந்து நின்றபோது, “நின்னுட்டான்” என்று ஒரு சொல் சொன்னார். பேசாமல் விட்ட நேரத்தை ஒளிபரப்பு நிறுவனம் குறையாகச் சொல்லி அனுப்பியது. நேயர்கள் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டுகளில் நிறுவனத்தின் கவலையும் நியாயமானதுதான். ஒரே அணி வென்றுகொண்டிருந்தது. பார்ப்போர் குறைந்தனர். பந்தயத்தில் இல்லாத விறுவிறுப்பைக் குரலில் கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் இயன்ற அளவு முயன்றேன். ஞானமணி முயலவில்லை. மந்தமான சுற்று ஒன்றில், “வாளையார் செக்போஸ்ட்ல லாரி நிக்கிற மாதிரி நிக்கி. என்ன, லாரிக்காரன் எறங்கி டீயாவது குடிப்பான்” என்று சொல்லிவிட்டார். அதை நேயர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். நிறுவனம் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டின் நடுவில் அவர் குரல் கரகரக்கத் தொடங்கியது. குமுளி மூடுபனி என்றார். பழனிப் பேருந்தின் தூசி என்றார். கிரேஸ்தான் அவரைக் கட்டாயப்படுத்தித் தேனிக்கு அழைத்துப் போனார். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“கொரவளைய எடுக்கணுமாம்வே. உசுரு தங்குமாம். பேச்சு தங்காதாம்.”

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“கடைசிப் பந்தயத்துக்கு அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காரு டாக்டரு. நான் கேட்டு வாங்கல. அவராத்தான் குடுத்தாரு. அதுவரைக்கும் பேசலாமான்னு கேட்டேன், முடிஞ்சாப் பேசுமின்னாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் புரொபசரே. அந்தக் கடைசிச் சுத்த நான் சொல்லி முடிக்கணும். அதுக்கப்புறம் எடுத்துக்கிடட்டும்.”

ஒரு மனிதன் தன் குரலால் செய்ய விரும்பிய கடைசிக் காரியம் அது. கேட்பதற்குச் சிறியது. ஆனால் அதைக் கெடுக்கப் பல வழிகள் இருந்தன.

முதலாவதாக, நிறுவனம். மேலிடம் சென்னையிலிருந்து ஒரு மாற்று வர்ணனையாளரை வரவழைத்திருந்தது. அவர் அடுத்த அறையில் ஹெட்போனுடன் தயாராக அமர்ந்திருப்பார். உங்களில் ஒருவர்தான் அவர். நந்தினி என்னைத் தனியே அழைத்தார்.

“ஏனுங்க சார், குரல் போச்சுன்னா உடனே மாத்திப்போடணும்னு மேல சொல்லியிருக்காங்க. நான் போயி நிறுத்தச் சொன்னா அவரு மனசு ஒடஞ்சுருமுங்க. நீங்க கையை அழுத்தினா நிறுத்திக்குவாருங்க. நீங்களே பண்ணிருங்க சார்.”

“பண்றேங்கம்மா” என்றேன். வேறு யாரிடமும் அந்தப் பொறுப்பு போவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவதாக, கிரேஸ். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கணவரைப் போக விடாதீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது அதுவல்ல.

“சார், அவியளத் தடுக்காதீங்க. ஆனா பாதியில தொண்டை அடைச்சு, ஊரு முழுக்கக் கேக்க அவிய தெணறக் கூடாது. அந்தக் கேவலம் மட்டும் வராமப் பாத்துக்கிடுங்க.” அவருக்கும் சொல் கொடுத்தேன்.

ஞானமணி முடிக்க விரும்பினார். அவர் மனைவி, அவர் அவமானப்படக் கூடாது என்று விரும்பினார். குரல் தாங்கினால் இரண்டும் ஒன்று. தாங்காவிட்டால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். எதை என்பது என் கையில் இருந்தது. அப்படியே, சொல்லின் நேர்ப்பொருளில், என் கையில்.

கடைசிப் பந்தயம் எங்கள் ஊர் மாலைப்பொழுதில் தொடங்கியது. அந்த ஆண்டின் மிகச் சலிப்பான பந்தயம் அதுவாகத்தான் இருக்கும். பட்டம் முன்பே முடிவாகியிருந்தது. முதல் வளைவில் முன்னால் போனவர் போய்க்கொண்டே இருந்தார். மற்றவர்கள் இடைவெளி விட்டு வரிசையாகத் தொடர்ந்தார்கள். ஞானமணியின் குரல் தொடக்கத்தில் காய்ந்த மட்டையை இழுப்பதுபோல இருந்தது. ஆனாலும் சொற்கள் தெளிவாக விழுந்தன. அவர் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதற்காக நான் வழக்கத்தைவிட நீளமாக விளக்கினேன். விளம்பர இடைவேளையில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“எனக்காக இழுக்காதேயும். நீர் பேசுற பேச்சுக்குக் கேக்குறவன் கொட்டாவி விட்டே செத்துருவான்.”

“நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க.”

“கொழப்பமில்ல, தொண்ட தாங்கும். பத்தாவது எடத்தப் பாத்தீரா?”

நான் பார்க்கவில்லை. எங்கள் முன் இரண்டு திரைகள் இருந்தன. பெரியது, நேயர்கள் பார்க்கும் அதே காட்சி. சிறியது, நாம் விரும்பும் காரைத் தொடர்வதற்கானது. அவர் சிறிய திரையில் ஒரு பச்சைக் காரை வைத்திருந்தார். அந்த ஆண்டு முழுவதும் ஒரு புள்ளிகூடப் பெறாத ஏழை அணியின் கார் அது. பத்தாவது இடத்தில் வந்தால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். டயர் தேய்ந்துபோயிருந்தது. பின்னால் புதிய டயருடன் ஒரு வெள்ளைக் கார் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய திரை அதைக் காட்டவில்லை. காட்டுவதற்கு அங்கே பெயர் பெற்றவர் யாரும் இல்லை.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் ஞானமணியின் குரல் நின்றது. படிப்படியாகக் குறையவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றது. வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. ஒலிவாங்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“சார், கையை வைங்க” என்றார் நந்தினி என் காதில். பிறகு, “சார், ப்ளீஸுங்க. மாத்திரலாம்.”

முன்னணிக் கார் கடைசிச் சுற்றைத் தொடங்கியது. அது அவருடைய சுற்று. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெட்கமோ பதற்றமோ தெரிந்திருந்தால் அழுத்தியிருப்பேன். கிரேஸுக்குக் கொடுத்த சொல் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, ஒலிவாங்கியையும் பார்க்கவில்லை. தன் குரல் போனது அவருக்குத் தெரிந்ததா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது. அவர் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கார் ஒரு வளைவில் உள்பக்கத்தை அடைத்தது. அடுத்ததில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, மீண்டும் உள்ளே வந்தது. என் வலக்கையை இடக்கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எஞ்சின்களின் ஓசை மட்டும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், அடுத்த அறையில் இருந்த உங்கள் நண்பர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். நந்தினியும் அதைப் பார்த்தார். அதன்பின் என் காதில் எந்தக் குரலும் வரவில்லை.

பிறகு ஞானமணி பேசினார். அதைக் குரல் என்று சொல்ல முடியாது. காகிதத்தைக் கசக்கும் ஒலி போன்ற ஒன்று.

“பச்சை. பத்தாவது எடம். டயர்ல ஒண்ணுமில்ல. வெள்ளை வாரான், உள்ள வாரான். அடைச்சுட்டான். விடாதேடே. விடாதே.”

பெரிய திரையில் முன்னணிக் கார் எல்லைக் கோட்டைக் கடந்தது. வாணவேடிக்கை வெடித்தது. குழுவினர் வேலியில் ஏறிக் கையசைத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நேயர்கள் எங்கள் அலைவரிசையில் கேட்டது இதுதான்: “இன்னும் ரெண்டு வளைவு. அகலமாப் போவாதே. மூடு. மூடு.” வென்றவரின் பெயரைச் சொல்ல வேண்டிய நொடி கடந்து போயிற்று. நான் சொல்லியிருக்கலாம்; ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. பிறகு நானும் சிறிய திரையைத்தான் பார்த்தேன்.

கடைசி வளைவில் பச்சைக் காரின் பின்பக்கம் வழுக்கியது. வெள்ளைக் கார் அரைக் கார் நீளத்தில் முந்திப் போனது.

“போச்சு” என்றார்.

பிறகு, “நல்லா ஓட்டினான்” என்றார்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விளம்பரம் தொடங்கியது. வென்றவர் யார் என்பதை, பரிசளிப்பின்போது உங்கள் நண்பர்தான் தமிழில் முதன்முதலாகச் சொன்னார். அதையும் அவர் கத்தாமல், தாழ்ந்த குரலில் சொன்னார். அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

படியிறங்கித் தேநீர்க் கடைக்கு வந்தோம். கண்ணாடிக் குவளையைக் கையில் வாங்கிக்கொண்டு, உதடுகளை மட்டும் அசைப்பதுபோல அவர் கேட்டார்.

“ஜெயிச்சது யாருவே?”

சொன்னேன்.

“அவனேதானா” என்று முகத்தைச் சுளித்தார்.

வென்றவரைச் சொல்லாமல் விட்டது விதியின்படி பிழை. பந்தய வர்ணனையில் அதைவிடப் பெரிய பிழை இல்லை. யார் ஜெயித்தார் என்றே சொல்லவில்லையே என்று நேயர்கள் எழுதினார்கள். அவர்கள் கேட்டது சரி. நிறுவனம் விளக்கம் கேட்டது. முடிவு என்னுடையது என்று மட்டும் பதில் சொன்னேன். அடுத்த ஆண்டு என்னை அழைக்கவில்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நீங்கள் யாரும் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். வென்றவரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை அந்தக் கடைசிச் சுற்றில்தான் இருக்கிறது. சலிப்பைச் சலிப்பு என்று ஒப்புக்கொண்ட ஒருவரே அதற்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டார். எல்லாவற்றையும் விறுவிறுப்பு என்று கத்திக்கொண்டிருந்தால் அவர் கண் அந்தப் பச்சைக் காருக்குப் போயிருக்காது. பந்தயம் பல நாள்களில் சலிப்பாகத்தான் இருக்கும். முன்பைவிட இப்போது அதிகம் என்று சொல்பவர்களிடம் நான் இனி வாதாட மாட்டேன். சலிப்பான நாளில் பொய் சொல்லாதீர்கள். இரண்டாவது திரையைப் பாருங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கும் என்றார்கள். சில மாதங்கள் தங்கியது. புதிய ஆண்டின் பந்தயம் ஒன்றை அவருடைய பட்டறையில் அவரோடு அமர்ந்து பார்த்தேன். எழுதிக் காட்டுவதற்காக யாரோ வாங்கித் தந்திருந்த சிறு பலகையை அவர் தொடவே இல்லை. என் முன்கையில் ஒரு தட்டுத் தட்டினார். தான் பேச முடியாததால் என்னைப் பேசச் சொல்கிறார் என்று நினைத்துக் காற்றோட்டத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். உடனே கையை வைத்து அழுத்தினார். தோள்கள் குலுங்க, ஒலியின்றிச் சிரித்தார். பட்டறையை ஒட்டிய வீட்டின் அடுப்படியிலிருந்து கிரேஸ் எட்டிப் பார்த்து, “என்ன சார், பேச்சு போயும் உங்கள வம்புக்கு இழுக்காவளா?” என்றார்.

மழை பிடித்த பிறகு நோய் மீண்டும் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவரை மலைச்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மண் ஈரமாக இருந்ததால் குழியின் ஓரம் சரிந்துகொண்டே இருந்தது. நின்றவர்களில் பலர் ஜீப் ஓட்டுநர்கள்.

அடக்கத்துக்கு வந்த உறவினர் திரும்பிப் போன பின், ஞாயிறு மாலை நான் ஊருக்குப் புறப்படவிருந்தேன். கிரேஸ் தொலைக்காட்சியைப் போட்டார். பந்தயம் தொடங்கியிருந்தது. ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க சார். இத்தன வருசமும் அவிய சத்தத்தக் கேட்டுக்கிட்டு வேலை பாத்திருக்கேன். படத்தப் பாத்ததே இல்ல.”

சொன்னேன். எது வளைவு, எங்கே டயர் மாற்றுகிறார்கள், ஏன் ஒருவரை ஒருவர் முந்தவில்லை என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை கூடிக் குறைந்தது.

“இது நல்லாருக்கா சார்?” என்று நடுவில் கேட்டார்.

“இன்னைக்கு இல்லீங்கம்மா.”

“ம்” என்றார். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கார் கோட்டைக் கடந்தது. கொடி ஆட்டினார்கள். வாணவேடிக்கை வெடித்தது. கிரேஸ் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“முடிஞ்சுதுல்லா சார்? அணைச்சிரட்டா?”

“கொஞ்சம் இருங்கம்மா” என்றேன். “கடைசி ஆளு இன்னும் வந்து சேரலீங்க.”

அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம்.